தராசும் மருந்துப் பையும்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய போட்டிகளுக்கு முந்தைய நாட்களில் முன்னணி வீரர்களுடன் இருந்து பணியாற்றும் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், உணவியல் வல்லுநர்கள், துணைப் பயிற்சியாளர்கள் ஆகியோரைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் எழுதுகிறேன். விளையாட்டுப் பிசியோதெரபி என் தொழில் என்பதால் அந்தப் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்திருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒலிம்பிக் போன்ற போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பயிற்சியைக் குறைத்துவிடுவார்கள் என்று படித்தேன். தேர்வு நெருங்க நெருங்கப் பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லியே பழகிய எனக்கு இது விசித்திரமாக இருக்கிறது. உண்மைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உண்மைதான் ஐயா. ஆனால் குறைக்கப்படுவது பயிற்சியின் அளவு மட்டுமே. அதன் தீவிரம் குறைக்கப்படுவதில்லை. ஓர் ஓட்டக்காரர் ஒரு வாரத்தில் ஓடும் மொத்தத் தூரம் ஏறத்தாழப் பாதியாகும். ஓடுகிற கொஞ்ச ஓட்டத்தைப் போட்டி வேகத்திலேயே ஓடுவார். பல மாதங்களாக ஏற்றிய சுமையினால் உடலில் சேர்ந்திருக்கும் களைப்பு வடிவதற்கு எட்டு முதல் பதினான்கு நாட்கள் வரை தேவைப்படுகிறது. ஆனால் அதே மாதங்களில் ஈட்டிய திறன் அவ்வளவு விரைவில் கரைந்துவிடுவதில்லை. களைப்பு போய்த் திறன் மட்டும் எஞ்சி நிற்கும் அந்தச் சில நாட்களுக்குள் போட்டி வந்து அமையும்படி நாளைக் கணக்கிடுவதில்தான் பயிற்சியாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எங்களுக்குத் தொல்லை தொடங்குவதும் அந்த நாட்களில்தான். தினமும் ஆறு மணி நேரம் உழைத்த உடல் சட்டென்று ஓய்வுக்கு வந்தவுடன், முன்பு கவனிக்க நேரமில்லாதிருந்த வலிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இரவு பத்து மணிக்கு மேல் அறைக் கதவைத் தட்டி, "தோள் ஒரு மாதிரியாக இருக்கிறது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா சார்?" என்று கேட்பார்கள். பல ஆண்டுகள் ஈட்டி எறிந்த தோளை ஸ்கேன் எடுத்தால் அதில் ஒன்றுமே இல்லை என்று அறிக்கை வருவது அரிது. அந்த அறிக்கையைப் படித்தவருக்குப் போட்டி முடியும்வரை தூக்கம் வராது. ஆகவே கையால் தொட்டுச் சோதித்து, முந்தைய மாதத்துக் குறிப்போடு அசைவின் அளவை ஒப்பிட்டுக் காட்டி, உண்மையிலேயே மாற்றம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அனுப்புவோம். புதுக் காலணி, புது மாத்திரை, நண்பர் சொன்ன புதுப் பயிற்சி, நன்றாக இருக்கும் என்று யாரோ பரிந்துரைத்த புதுப் பானம் ஆகிய அனைத்துக்கும் அந்த நாட்களில் ஒரே பதில்தான்: போட்டி முடியட்டும். அந்தக் கட்டத்தில் வீரரிடம் புதிதாக எதையும் சேர்த்துவிட எங்களால் இயலாது. அவரிடம் இருப்பதில் எதுவும் குறையாமல் மேடைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே எங்கள் வேலை.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 100 கிராம் எடை கூடுதலாக இருந்ததற்காக இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். இத்தனை மருத்துவர்களும் உணவு வல்லுநர்களும் உடன் இருந்து என்ன பயன்? ஓர் இரவு முழுவதும் நேரம் இருந்தும் 100 கிராமைக் குறைக்க முடியாதா?
– மதுரை, ஈரோடு, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களிலிருந்து வாசகர்கள் சிலர்

பதில்: அன்றிரவு அவர்கள் குறைக்க வேண்டியிருந்தது 100 கிராம் அன்று. அரையிறுதி முடிந்தபோது அவருடைய எடை, அவர் ஆடிய பிரிவின் வரம்பான 50 கிலோவுக்கு மேல் 2.7 கிலோ கூடுதலாக இருந்தது என்று அவருடைய ஹங்கேரியப் பயிற்சியாளர் வோலர் ஆகோஷ் பின்னர் எழுதினார். அதில் இரண்டரை கிலோவுக்கும் மேல் குறைத்துவிட்டு, கடைசி 100 கிராமில் நின்றுபோனார்கள். நடந்ததைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் உடன் இருந்தவர்களின் வேலை என்ன என்பது புரியும்.

2018-க்கு முன்பெல்லாம் மல்யுத்தத்தில் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்ப்பார்கள். பார்த்து முடித்தபின் இரவு முழுவதும் தண்ணீரும் உணவும் எடுத்துக்கொண்டு உடலை மீட்டுக்கொள்ள அவகாசம் இருந்தது. அதனால் அளவுக்கு மீறி எடையைக் குறைக்கும் வழக்கம் பெருகியது. அதைத் தடுப்பதற்காக, ஒவ்வோர் எடைப் பிரிவின் போட்டியையும் இரண்டு நாட்களுக்கு நீட்டி, இரண்டு நாட்களும் காலையிலேயே எடை பார்க்கும் விதியை உலக மல்யுத்தக் கூட்டமைப்பு கொண்டுவந்தது. முதல் நாள் காலை எடை பார்க்க 30 நிமிடமும், இரண்டாம் நாள் இறுதிச் சுற்றுகளுக்கு வருபவர்களுக்கு 15 நிமிடமும் தரப்படுகின்றன. அந்த நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் தராசில் ஏறலாம். சில போட்டிகளில் 2 கிலோ சலுகை உண்டு, ஒலிம்பிக்கில் கிடையாது. இரண்டாம் நாள் எடையில் தவறினாலும் முதல் நாள் பெற்ற வெற்றிகள் அனைத்தும் போய், பட்டியலில் கடைசி இடமே கிடைக்கும்.

2024 ஆகஸ்ட் 6 அன்று வினேஷ் மூன்று முறை களமிறங்கினார். முதல் போட்டியிலேயே, அதுவரை அயல்நாட்டவர் எவரிடமும் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வென்றார். மூன்று போட்டிகளுக்கும் இடையில் அவருக்கு நீரும் சிறிது உணவும் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் களத்தில் கால் நிற்காது. ஒரு நாளில் அவர் உட்கொள்வது ஏறத்தாழ ஒன்றரை கிலோ என்பது உணவியல் வல்லுநரின் கணக்கு. வறண்டுபோன உடலுக்குள் போன நீர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தங்கிவிட்டது என்று இந்திய அணியின் தலைமை மருத்துவ அதிகாரி தின்ஷா பர்திவாலா பின்னர் விளக்கினார். இவ்வாறு வறண்ட உடல், கிடைத்த நீரை விடாமல் பிடித்துக்கொள்வது இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பதைத்தான் கிராம் கணக்கில் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

அன்று மாலை ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி செய்தபின்னும் ஒன்றரை கிலோ மீதமிருந்தது. அதன்பின் ஐம்பது நிமிடம் நீராவி அறையில் இருந்தும் ஒரு துளி வியர்வைகூட வரவில்லை என்று ஆகோஷ் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். இரத்தத்தில் நீர் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியபின் உடல் வியர்வையை நிறுத்திக்கொள்ளும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், இதயம் வேகமெடுக்கும். அந்தக் கட்டத்தில் அறையில் இருக்கும் மருத்துவர் பார்க்க வேண்டியது தராசை அன்று, அந்த மனிதரின் கண்ணையும் நாடித்துடிப்பையும்தான். 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள், இப்படி எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தார்கள். அதன்பிறகே அந்நாட்டுக் கல்லூரிப் போட்டிகளில் நீராவி அறைக்கும் ரப்பர் உடைக்கும் தடை வந்தது.

நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்தரை வரை, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிட ஓய்வுடன், வினேஷ் உடற்பயிற்சி இயந்திரங்களிலும் மல்யுத்தப் பயிற்சியிலும் இருந்தார். கடைசியில் முடியை வெட்டினார்கள், உடையைச் சுருக்கினார்கள். அதற்குமேல் குறைக்க உடலில் எதுவும் இல்லை. அரையிறுதியில் அவரிடம் தோற்ற கியூபாவின் யுஸ்னேலிஸ் குஸ்மான் இறுதிப் போட்டியில் ஆடினார். வினேஷின் மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் மன்றம் ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடி செய்தது.

வினேஷின் அந்த இரவுக்கு இரண்டு நாட்கள் கழித்து, அதே பாரிஸில் மல்யுத்த வீரர் அமன் ஷெராவத்துக்கு ஏறத்தாழ இதே நிலை வந்தது. 57 கிலோ பிரிவில் ஆடிய அவர், அரையிறுதி முடிந்து தராசில் ஏறியபோது 61.5 கிலோ இருந்தார். பயிற்சி விரிப்பில் நேரடி மல்யுத்தம், வெந்நீர்க் குளியல், நீராவி அறை, டிரெட்மில் என்று ஓர் இரவு முழுவதும் ஓடி, பத்து மணி நேரத்தில் 4.6 கிலோவைக் குறைத்தார்; அதிகாலையில் எடை 56.9 ஆக வந்தது. மறுநாள் வெண்கலம் வென்றார். இரண்டு அறைகளிலும் ஏறத்தாழ ஒரே வேலைதான் நடந்தது. ஓர் உடல் வியர்வையைக் கொடுத்தது, இன்னோர் உடல் கொடுக்கவில்லை. வென்ற அறையில் இருந்தவர்களை மேதைகள் என்றும் தோற்ற அறையில் இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்றும் சொல்வதை என்னால் ஏற்க இயலாது.

பிழை எங்கே என்று என்னைக் கேட்டால், அந்த இரவுக்குப் பல மாதங்கள் முன்னால் தேடச் சொல்வேன். வினேஷ் 53 கிலோ பிரிவில் ஆடிவந்தவர். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கான இடத்தை 2023 உலகச் சாம்பியன்ஷிப்பில் அந்திம் பங்கால் பெற்றுத் தந்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆறு எடைப் பிரிவுகளே உள்ளன. 53-க்குக் கீழே 50, மேலே 57. ஒல்லியான உடலிலிருந்து 3 கிலோவை எடுக்க முடிவு செய்தபோதே, இரண்டு காலைகளிலும் தராசில் தேறுவது என்பது ஒவ்வொரு முறையும் கத்திமேல் நடக்கும் காரியமாகிவிட்டது. முடிவெடுத்தவர் சூழ்நிலையால் நெருக்கப்பட்டிருந்தார் என்பதும் உண்மை. அதை மறந்துவிட்டு அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது.

யாழ்ப்பாண வாசகர், குறைத்தபின் சலைன் ஏற்றி உடலைத் தேற்றக்கூடாதா என்று தனியாகக் கேட்டிருக்கிறார். கூடாது. 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ள செயல். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே எடை பார்த்து முடிந்தபின், வாய்வழியாக, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்து உடலை மீட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: விளையாட்டு வீரர்கள் சளிக்குக்கூட மாத்திரை சாப்பிடப் பயப்படுவார்கள் என்கிறார்களே, இது மிகைப்படுத்தல் இல்லையா? நம் ஊர்க் கஷாயம், லேகியம் போன்றவற்றையாவது எடுத்துக்கொள்ளலாமா?
– மருந்துக் கடை நடத்தும் வாசகர், விழுப்புரம்

பதில்: நீங்கள் மருந்துக் கடை நடத்துபவர் என்பதால் இதை உங்களிடம் அழுத்தமாகவே சொல்லலாம். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆன்ட்ரியா ரடுகான், பெண்களுக்கான தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். அணியின் மருத்துவர் சளிக்காகக் கொடுத்த மாத்திரையில், அப்போது தடைப் பட்டியலில் இருந்த சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருந்தது, பரிசோதனையில் அது தெரிந்தது, தங்கம் பறிக்கப்பட்டது. அவர் விளையாட்டில் மோசடி செய்ய முயன்றார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் விதி விதிதான் என்று நடுவர் மன்றமும் தீர்ப்பளித்தது. மாத்திரை கொடுத்த மருத்துவர் அடுத்த குளிர்கால, கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகள் முடியும்வரை விலக்கி வைக்கப்பட்டார். அந்தப் பொருள் 2004-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2010-இல் ஓர் உச்ச வரம்புடன் மீண்டும் சேர்க்கப்பட்டது. இன்று உங்கள் கடையில் விற்கும் சில சளி மருந்துகளின் அட்டையில் அந்தப் பெயரை நீங்களே பார்க்கலாம்.

இந்தக் கதையில் என் கவனம் எப்போதும் அந்த மருத்துவரிடமே போகிறது. மூக்கடைப்போடு வந்த சிறுமிக்கு எந்தக் குடும்ப மருத்துவரும் கொடுக்கக்கூடிய மாத்திரையைத்தான் அவர் கொடுத்தார். எங்கள் மருந்துப் பையில் உள்ள ஒவ்வோர் அட்டையையும் புறப்படுவதற்கு முன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருவர் கையெழுத்திட்டு, பையைப் பூட்டிவிடுவது அதனால்தான். அயல்நாட்டில் அதே பெயரில் விற்கும் மாத்திரையில் வேறு பொருள் கலந்திருக்கலாம் என்பதால், அங்கே போய்க் கடையில் வாங்குவதையும் தவிர்க்கிறோம். சில பொருட்கள் போட்டிக் காலத்தில் மட்டும் தடை செய்யப்பட்டவை. அந்தக் காலம் பெரும்பாலான விளையாட்டுகளில் போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்குத் தொடங்கிவிடுகிறது. ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு உண்மையிலேயே தடை செய்யப்பட்ட மருந்து தேவைப்பட்டால், முன்கூட்டியே ஆவணங்களுடன் விலக்கு கேட்டுப் பெறலாம்.

லேகியத்தையும் கஷாயத்தையும் பொறுத்தவரை, அவற்றின் குணத்தைப் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து எதுவும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று முழுமையாக அட்டையில் எழுதப்படாத எதையும் வீரரின் வாய்க்குக் கொண்டுபோக முடியாது. புரதப் பொடிகளுக்கும் இதே விதிதான். தமக்குள் போவது எதுவாயினும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது இந்த விதிகளின் அடித்தளம். 'பாட்டி கொடுத்தார்' என்பது தண்டனையைக் குறைக்கலாமே தவிர, அந்தப் போட்டியில் வென்ற பதக்கத்தைக் காப்பாற்றாது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் செயலியில் மருந்தின் பெயரை உள்ளிட்டுத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் கடைக்கு வரும் இளம் வீரர்களிடம் அதைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பரிசோதனை அறையைப் பற்றியும் ஒரு சொல். போட்டி முடிந்து எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, வென்றவரும் உடன் வந்த ஒருவரும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார்கள். குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் தேவை. உடலில் நீர் வற்றிய வீரருக்கு அது வர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். அதிகமாகத் தண்ணீர் குடித்துவிட்டால் மாதிரி நீர்த்துப்போய் மறுபடியும் கொடுக்கச் சொல்வார்கள். மூடி திறக்கப்படாத புட்டிகளிலிருந்து ஒன்றை வீரரே எடுக்க வேண்டும்; ஏ, பி என்ற இரு குப்பிகளில் தாமே ஊற்றி மூட வேண்டும்; குப்பியில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். நள்ளிரவுக்கு மேல், வெற்றிக் களிப்பிலோ தோல்வித் துயரத்திலோ இருப்பவர் எண்களை ஒழுங்காகப் படிக்க மாட்டார். அருகில் இருப்பவர் படிக்க வேண்டும். அவர் அங்கே இருப்பதே அதற்காகத்தான்.

கேள்வி: தோளிலும் முழங்காலிலும் வண்ண வண்ணமாக நாடா ஒட்டிக்கொள்கிறார்களே, அதனால் உண்மையிலேயே பலம் கூடுமா?
– பள்ளி மாணவி, நாகர்கோவில்

பதில்: பலம் கூடாது. கணுக்காலில் இறுக்கமாகச் சுற்றும் வெள்ளை டேப், பிசகிய கணுக்கால் மீண்டும் பிசகாமல் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. நீங்கள் கேட்கும் வண்ண நாடாவுக்கு அத்தகைய வலுவான சான்று கிடையாது. வலி சற்றுக் குறைந்ததாகச் சிலர் உணர்கிறார்கள். பழகிப்போன வீரர் கேட்டால் ஒட்டிவிடுகிறேன், மறுப்பதில்லை.

கேள்வி: போட்டிக்கு முந்தைய இரவு வீரர்களுக்குத் தூக்கம் வருமா? வெளிநாட்டில் உணவுக்கு என்ன செய்வார்கள்?
– இல்லத்தரசி, திருச்சி

பதில்: பெரும்பாலோருக்கு முந்தைய இரவு நன்றாகத் தூக்கம் வராது, அது தெரிந்ததே என்பதால் அதைப் பற்றி நாங்கள் கவலைப்படுவதில்லை. அதற்கு முந்தைய ஒரு வாரத் தூக்கத்தைத்தான் காக்க வேண்டும். ஓர் இரவு குறைந்தால் ஆட்டம் பெரிதாகக் கெடாது என்பதை வீரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால், விழித்துக் கிடக்கும்போது பதற்றம் வராது.

பயணத்தில் திசை முக்கியம். கோடையில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், டோக்கியோ மூன்றரை மணி நேரம் முன்னால். தூரத்தைப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் கிழக்கே போகும்போது வழக்கத்தைவிட முன்னதாகத் தூங்க வேண்டியிருப்பதால் உடல் முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று கணக்கு வைத்து முன்கூட்டியே போய்ச் சேர்வதும், காலை வெளிச்சத்தில் நடக்க வைப்பதும் வழக்கம். பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தின் அறைகளில் ஏசி கிடையாது. சுற்றுச்சூழல் கருதி அவ்வாறு அமைத்திருந்தார்கள். வெப்பம் கூடியபோது இந்திய அரசு 40 ஏசி இயந்திரங்களை வாங்கி அனுப்பியது. கொள்கை உயர்ந்ததுதான், ஆனால் நான்காண்டு உழைப்பைச் சோதிக்கும் வாரத்தில் வீரர்களின் தூக்கத்தில் அதைப் பரிசோதித்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

உணவில் எங்கள் விருப்பம் சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. பழகிய சோறு, பழகிய பருப்பு, பழகிய நேரம். காரமும் எண்ணெயும் நார்ச்சத்தும் சற்றுக் குறைவாக. செஸ் வீரர் பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமி, போட்டி நடக்கும் நாடுகளுக்கெல்லாம் மின்னடுப்பு எடுத்துப்போய்ச் சோறும் ரசமும் வைத்துக் கொடுக்கிறார் என்பதைப் பலரும் ஒரு தாய்ப்பாசச் செய்தியாகவே படித்தார்கள். உணவியல் வல்லுநரின் கண்ணில் பார்த்தால், வயிற்றுக்குப் பழக்கமான உணவை வீரருக்குத் தொடர்ந்து கொடுப்பதற்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடையாது.

கேள்வி: குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது தன் குழுவினருக்கு நன்றி சொன்னார். செஸ் ஒருவர் தனியாக ஆடும் ஆட்டம் அல்லவா? அதுவும் கணினி வந்துவிட்ட பிறகு, குழு என்ன செய்யும்?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: இப்படி உடன் இருந்து ஆட்டக்காரரைத் தயார் செய்யும் உதவியாளர்களைச் செஸ்ஸில் 'செகண்ட்' என்பார்கள். 2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரனை எதிர்த்து 14 ஆட்டங்கள் ஆடிய குகேஷுக்குப் போலந்தின் கிரேகோர்ஸ் கயேவ்ஸ்கி தலைமைப் பயிற்சியாளர். ராடோஸ்லாவ் வோய்தாஷெக், பென்டாலா ஹரிகிருஷ்ணா, வின்சென்ட் கைமர், யான் கிஷிஸ்டோஃப் டுடா, யான் கிளிம்கோவ்ஸ்கி ஆகியோர் உடன் உழைத்தார்கள். இவர்களில் சிலரின் பெயர்கள் டிசம்பர் 12 அன்று வெற்றி உறுதியான பிறகே வெளியே வந்தன. யார் உதவுகிறார் என்று தெரிந்தால், அவருக்குக் கைவந்த தொடக்க முறைகள் எவை என்பதை வைத்து எதிராளி தயாராகிவிடுவார் என்பதே அந்த இரகசியத்துக்குக் காரணம்.

கணினி எந்த நிலைக்கும் சிறந்த நகர்வைச் சொல்லிவிடும். ஆனால் அந்த நகர்வு கணினிக்குச் சிறந்தது. இந்த ஆட்டக்காரருக்கு, இந்த எதிராளிக்கு முன், நான்கு மணி நேரத்தில் நினைவில் நிற்கக்கூடியது எது என்பதை அது சொல்லாது. கணினி சமநிலை என்று சொல்லும் நூறு நிலைகளில், எதிராளிக்கு எரிச்சலூட்டுவதும் நம்மவருக்குப் பிடித்தமானதுமான இரண்டைத் தேர்ந்தெடுப்பது மனிதர் வேலை. ஆட்டக்காரர் தூங்கும் நேரத்தில் இவர்கள் விழித்திருந்து அந்த நகர்வுகளை ஒரு கணினிக் கோப்பாகத் தயார் செய்வார்கள். அவர் எழுந்தபின் அதைச் சுருக்கி விளக்குவார்கள். அன்று எதிராளி அந்தப் பக்கமே வராவிட்டால் இரவு முழுவதும் செய்த வேலை மொத்தமும் கோப்புக்குள்ளேயே கிடக்கும்.

இந்தக் கலைக்கு நம் ஊரில் ஒரு மரபு உண்டு. 2010-இல் சோஃபியாவில் வெசலின் தோப்பலோவை விஸ்வநாதன் ஆனந்த் வென்றபோது, பீட்டர் ஹைனே நீல்சன், ருஸ்தம் காசிம்ஜானோவ், சூர்யசேகர் கங்குலி, வோய்தாஷெக் ஆகியோர் அவருடைய செகண்டுகள். ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியாகப் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டதற்கு ஒரு நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்று, பிறகு மீண்டு வென்றார். அன்று ஆனந்துக்கு உழைத்த வோய்தாஷெக்கும், 2014-இல் ஆனந்துக்கு உழைத்த கயேவ்ஸ்கியும் பின்னர் குகேஷுடன் இருந்தார்கள். உலகப் போட்டிக்கு ஒருவரை எப்படித் தயார் செய்வது என்னும் அறிவு, ஒரு சாம்பியனின் குழுவிலிருந்து அடுத்தவரின் குழுவுக்கு ஆட்களாகவே வந்து சேர்ந்தது.

குகேஷின் மனப்பயிற்சியாளர் பேடி அப்டன், 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடனும், பாரிஸில் வெண்கலம் வென்ற ஆக்கி அணியுடனும் பணியாற்றியவர். மனப்பயிற்சியாளர் என்றதும் ஆவேசமாகப் பேசி உசுப்பேற்றுபவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நான் பார்த்த நல்ல மனப்பயிற்சியாளர்கள், கடைசி வாரத்தில் மிகக் குறைவாகப் பேசியவர்கள்.

கேள்வி: என் மகள் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒலிம்பிக் அணியுடன் செல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. வழி சொல்லுங்கள்.
– தந்தை ஒருவர், சேலம்

பதில்: முதலில் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளட்டும். பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து 117 வீரர்கள் சென்றார்கள். உடன் சென்ற பணியாளர்கள் 140 பேர். ஆனால் ஒலிம்பிக் கிராமத்துக்குள் தங்க 67 பேருக்கே அனுமதி. அதிலும் மருத்துவக் குழுவினர் ஐவர். மற்றவர்கள் வெளியே விடுதியில் தங்கி, அன்றன்றைக்குக் கிடைக்கும் அனுமதி அட்டையைப் பொறுத்து உள்ளே வந்து போக வேண்டும். பல ஆண்டுகள் ஒரு வீரரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டவர், முக்கியமான நாளில் வேலிக்கு வெளியே நின்று தொலைபேசியில் ஆலோசனை சொல்வது உண்டு. அந்த நிலையை ஏற்றுக்கொள்ள முடியாதவர்களுக்கு இந்தத் தொழில் கசந்துவிடும்.

பட்டப்படிப்பு முடிந்தபின் விளையாட்டுப் பிசியோதெரபியில் முதுகலை படிப்பது நல்லது. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனமும், சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இத்துறையைச் சேர்ந்த வேறு பல படிப்புகளுக்கு இடமளிக்கின்றன. ஆனால் கை பழகுவது வகுப்பறையில் அன்று. இப்போதிருந்தே விடுமுறை நாட்களில் மாவட்ட அளவிலான கபடி, கைப்பந்து, தடகளப் போட்டிகளுக்குப் போய் முதலுதவி மேசையில் உட்காரட்டும். ஒரே நாளில் முப்பது கணுக்கால்களுக்கு டேப் ஒட்டினால் விரல்கள் தாமாகவே கற்றுக்கொள்ளும். எந்த வீரருக்கு எந்த நாளில் என்ன வலி, என்ன செய்தோம், மறுநாள் எப்படி இருந்தது என்று குறிப்பெழுதும் பழக்கத்தையும் அப்போதே தொடங்க வேண்டும். அணியில் ஆள் எடுக்கும்போது சான்றிதழைவிட அந்தக் குறிப்பேட்டைத்தான் நான் முதலில் கேட்டுப் பார்ப்பேன்.

இன்னொன்று. தடை செய்யப்பட்ட மருந்துகளின் புதிய பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே இணையத்தில் வெளியிட்டுவிடுகிறார்கள். முந்தைய ஆண்டிலிருந்து என்ன மாறியது என்ற விளக்கமும் அதனுடன் இருக்கும். மகள் அந்த விளக்கத்தை மட்டுமாவது இந்த ஆண்டிலிருந்தே படித்து வரட்டும்.